அமைதியான படத்தை முழுமையாகப் பார்ப்பது எப்படி: ‘தி லஞ்ச்பாக்ஸ்’ படத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

தனித்து வாழும் மனிதர்களைப் பற்றிய அமைதியான படம் ஒன்றைப் பார்த்து முடித்தவர்களில் பலர், “நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்றுமே நடக்கவில்லையே” என்கிறார்கள். திரையிடல் முடிந்தபின் நடக்கும் உரையாடல்களில் இந்த வாக்கியத்தை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். இதைச் சொல்பவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். அவர்கள் தேடிய இடம் வேறு, படம் தன் நிகழ்ச்சிகளை வைத்திருக்கும் இடம் வேறு. இவ்வகைப் படங்களில் ஒரே செயல் பலமுறை நிகழும். ஒவ்வொரு முறையும் அதில் ஏதோ ஒரு சிறு பகுதி மாறியிருக்கும். அந்த மாற்றங்களின் தொகுப்பே கதை. அவற்றை எந்த வரிசையில் கவனித்தால் தவறவிடாமல் பிடிக்கலாம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ரிதேஷ் பத்ரா எழுதி இயக்கிய, 2013-இல் வெளிவந்த ‘தி லஞ்ச்பாக்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்கிறேன். இதில் திரும்ப வரும் செயல்கள் சிலவே, அவையும் தெளிவாகத் தெரிபவை. ஆகவே முதன்முறையாகப் பழகுபவருக்கு இது ஏற்றது. முதல் மூன்று பகுதிகளைப் படம் பார்ப்பதற்கு முன் படியுங்கள். நான்காம் பகுதியிலிருந்து கதையின் விவரங்கள் முழுமையாக வருகின்றன. அவற்றைப் படம் பார்த்தபின் படிப்பதே நல்லது.

1. முன்னேற்பாடு: நேரம், ஒலி, மொழி

படம் ஏறத்தாழ 104 நிமிடங்கள் ஓடுகிறது. அதை ஒரே அமர்வில் பாருங்கள். இரண்டு இரவுகளாகப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு இந்தப் படம் பெரும்பாலும் கைநழுவிவிடுகிறது. முதல் பாதியில் பார்த்த ஒரு சாளரத்தின் நிலை இரண்டாம் பாதியில் நினைவில் இருக்க வேண்டும். ஒரு நாள் இடைவெளியில் கதைச்சுருக்கம் நினைவில் நிற்கும், சாளரம் நிற்காது.

படத்தின் முக்கியமான செய்திகள் பல மெல்லிய ஒலிகளாக வருகின்றன. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அவை கேட்கவே கேட்காது. நல்ல ஒலிபெருக்கி இல்லையென்றால் காதுக்குள் வைக்கும் கருவியே போதும். திரை சிறியதாக இருப்பது ஒலி கெடுவதைவிடக் குறைந்த இழப்பு என்பது என் அனுபவம்.

பாத்திரங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறார்கள். மொழிமாற்றக் குரலில் பார்க்காமல், மூல ஒலியோடும் துணைவரிகளோடும் பாருங்கள். இந்தி தெரியாவிட்டாலும், யார் எந்த மொழியில் எழுதுகிறார், எந்த மொழியில் பேசுகிறார் என்பதைக் காதால் பிரித்தறிய முடியும். பின்னர் ஆறாம் பகுதியில் அது தேவைப்படும். துணைவரி திரையின் அடியில் சிறிதாக வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். எழுத்து பெரிதாக இருந்தால் கண் அங்கேயே தங்கிவிடும்; நடிகர்களின் கைகளைப் பார்க்க நேரம் இருக்காது.

கதைச்சுருக்கத்தையோ விமரிசனத்தையோ முன்கூட்டிப் படிக்க வேண்டாம். ஒரு தாளும் எழுதுகோலும் அருகில் இருக்கட்டும்.

2. முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஒரே விவரம்

மும்பையில் டப்பாவாலாக்கள் எவ்வாறு வேலை செய்கிறார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு படத்துக்குள் செல்லுங்கள். காலையில் வீட்டிலிருந்து சாப்பாட்டு டப்பாவை ஒருவர் வாங்கிக்கொள்கிறார். மூடியின் மேல் எழுதப்பட்ட எழுத்துகளும் எண்களும் நிறங்களும் அது எந்த நிலையத்துக்கு, எந்தக் கட்டடத்துக்கு, எந்த மாடிக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்கின்றன. மிதிவண்டி, புறநகர் ரயில், தள்ளுவண்டி என்று பல கைகள் மாறி, மதிய உணவு நேரத்துக்குள் அது அலுவலக மேசையை அடைகிறது. உண்டு முடித்தபின் அதே வழியே திரும்பி, மாலைக்குள் காலி டப்பா புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்கிறது.

இந்தக் கடைசி வரியைத்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். டப்பா திரும்பி வருகிறது. எனவே அனுப்பியவர் அதைத் திறந்து பார்த்து, உண்டவர் எவ்வளவு உண்டார் என்பதை அறிந்துகொள்கிறார். படம் இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்லாமல் காட்டிக்கொண்டே போகிறது. இது முன்பே தெரியாதவர்கள் முதல் கால் மணி நேரத்தை ‘இது எங்கே போகிறது?’ என்ற குழப்பத்திலேயே கழித்துவிடுகிறார்கள். அந்தக் கால் மணி நேரமோ மிகவும் மதிப்புள்ளது.

3. முதல் இருபது நிமிடங்கள்: வழக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

தொடக்கத்தில் யாரையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். ‘இவர் சோகமாக இருக்கிறார்’, ‘இவள் ஏமாற்றமடைந்தவள்’ என்ற முடிவுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு நாள் எப்படி நடக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். வழக்கம் எது என்று தெரிந்தால்தான் வழக்கம் உடையும் கணம் தெரியும். அமைதியான படங்களின் இயக்குநர்கள் தொடக்கத்தை மெதுவாக அமைப்பதற்குக் காரணம் இதுவே. பின்னால் நிகழப்போகும் சிறு மாற்றங்களை அளப்பதற்கான அளவுகோலை அவர்கள் அங்கே உங்கள் கையில் கொடுக்கிறார்கள்.

இருவரைத் தொடருங்கள்: வீட்டில் சமைக்கும் இலா (நிம்ரத் கவுர்), அலுவலகத்தில் கோப்புகளோடு இருக்கும் சாஜன் பெர்னாண்டஸ் (இர்ஃபான் கான்). ஒவ்வொருவரைப் பற்றியும் இவற்றை மட்டும் பாருங்கள். சாப்பிடும்போது அருகில் யார் இருக்கிறார்? பேசும்போது எந்தத் திசையைப் பார்க்கிறார்? கைகள் என்ன செய்கின்றன? மாலையில் எங்கே நிற்கிறார்?

இருபது நிமிடங்கள் ஆனதும் படத்தை நிறுத்தாமல் தாளில் ஐந்தாறு சொற்களை மட்டும் கிறுக்கிக்கொள்ளுங்கள். வாக்கியம் எழுதத் தொடங்கினால் தலை குனிந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு பார்வை கடந்து போய்விடும். அதன்பின் எழுதுவதை விட்டுவிட்டு இறுதிவரை பாருங்கள். படம் முடிந்ததும் உடனே யாரிடமும் கருத்துச் சொல்லாமல் சற்று நேரம் சும்மா இருங்கள். மற்றொருவரின் முதல் கருத்தைக் கேட்டுவிட்டால் உங்கள் நினைவே அதற்கேற்பத் திருந்திக்கொள்ளும்.

இனி வருபவை படம் பார்த்தவர்களுக்கானவை. கதையின் அடிப்படை இதுதான்: இலா தன் கணவருக்கு அனுப்பும் டப்பா தவறுதலாகச் சாஜனின் மேசைக்குப் போகிறது; முன்பின் அறியாத இருவரும் அந்த டப்பாவுக்குள் கடிதங்கள் வைத்து எழுதிக்கொள்கிறார்கள்.

4. திரும்ப வரும் செயல்களை இணைத்துப் பாருங்கள்

இதுதான் முழுப் பயிற்சியின் மையம். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்தில் ஒரு செயல் முதன்முறை நிகழ்ந்த விதத்தையும் வலப்பக்கத்தில் அது பின்னர் நிகழ்ந்த விதத்தையும் எழுதுங்கள். உணர்ச்சிச் சொற்களைத் தவிர்த்து வினைச்சொற்களை மட்டும் எழுதுங்கள். ‘அவள் அவரை வெறுத்தாள்’ என்பது உங்கள் ஊகம். ‘அவள் சாளரத்தை மூடினாள்’ என்பது படம் காட்டியது. ஊகங்களை அடுக்கினால் எல்லாத் தனிமைப் படங்களும் ஒரே படமாகத் தெரியும். செயல்களை அடுக்கினால் இந்தப் படம் மட்டும் தெரியும்.

முதலில் சாளரத்தையே எடுத்துக்கொள்வோம். சாஜன் இரவில் வீட்டின் வெளிப்புறத்தில் நின்று புகைபிடிக்கிறார். எதிர்வீட்டில் ஒரு குடும்பம் கூடி உண்கிறது. அவர் பார்ப்பதைக் கண்ட சிறுமி சாளரத்தை மூடிவிடுகிறாள். பின்னொரு நாள் அதே இடம், அதே நேரம். இம்முறை அந்தச் சிறுமி கையசைக்கிறாள். இவ்விரு காட்சிகளுக்கும் இடையில் சாஜன் அவளிடம் ஏதும் விளக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. எங்கோ ஒரு சமையலறையிலிருந்து வரும் கடிதங்களால் அவருடைய முகம் மாறியிருக்கிறது; எதிர்வீட்டுக் குழந்தை அதைக் கண்டுகொள்கிறது. கதையின் பெரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று இவ்வளவு சிறிய இடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது.

தெருவில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்களின் பந்து இரண்டாவது எடுத்துக்காட்டு. தொடக்கத்தில் அவர் அதைத் திருப்பித் தர மறுப்பவர். பிறகு அச்சிறுவர்களோடு அவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள். மூன்றாவது, அலுவலகச் சாப்பாட்டு மேசை. தான் ஓய்வுபெற்றதும் தன் இடத்துக்கு வரப்போகும் ஷேக்குக்கு (நவாசுத்தீன் சித்திக்கி) வேலையைக் கற்றுக்கொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தவர், பின்னர் தன் டப்பாவிலிருந்து அவருக்கு உணவைப் பகிர்கிறார். மேசை அதே மேசை. எதிரே ஆள் வந்து உட்கார்ந்தபோதும் தனியாகவே உண்டவர் இப்போது பங்கு வைக்கிறார்.

இலாவின் பக்கத்தில் மாற்றங்கள் வேறு திசையில் செல்கின்றன. சாஜனுக்கு உலகம் திறந்துகொண்டே வருகிறது. இலாவுக்கோ வீட்டின் உண்மை படிப்படியாகத் தெளிவாகிறது. கணவரின் சட்டைகளைத் துவைக்க எடுக்கும் அன்றாட வேலையே அவளுக்குச் செய்தி கொண்டுவருகிறது: சட்டையை முகர்ந்து பார்க்கிறாள், வேறொரு பெண் இருப்பதை அறிகிறாள். சாஜன் டப்பாவைத் திறந்து முகர்வதையும் இதையும் அருகருகே வையுங்கள். ஒருவருக்கு ஓர் உறவின் வரவையும் மற்றவருக்கு ஓர் உறவின் முடிவையும் மூக்குதான் முதலில் சொல்கிறது. இயக்குநர் இதை எங்கும் அடிக்கோடிடவில்லை. தாளின் இரு பக்கங்களையும் நிரப்பியவருக்கு மட்டும் இது தென்படும்.

இந்தப் பார்வை வெளியிலிருந்து திணிக்கப்பட்டது அன்று என்பதற்குப் படத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. தெருவோரத்தில் ஓர் ஓவியர் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்து வைத்திருக்கிறார். எல்லாம் ஒன்றுபோலவே தோன்றினாலும் உற்று நோக்கினால் ஒவ்வொன்றிலும் சிறு வேறுபாடு இருக்கிறது. அவற்றுள் ஒன்றில் சாஜன் தன்னையே காண்கிறார். பெரும்பாலானோர் இதை ஓர் இளைப்பாறும் காட்சியாகக் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில், தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைப் படமே சொல்லும் இடம் இது.

5. காதால் பாருங்கள்

மேல்மாடியில் இருக்கும் தேஷ்பாண்டே ஆன்ட்டி திரையில் ஒருமுறைகூடத் தோன்றுவதில்லை. பாரதி ஆச்ரேக்கரின் குரலும், கயிற்றில் கட்டிச் சாளரத்தின் வழியே இறக்கப்படும் கூடையும் மட்டுமே அவர். ‘ஏன் முகத்தைக் காட்டவில்லை?’ என்று கேட்பவர்கள், கேள்வியைச் சற்றுத் திருப்பி, ‘முகத்தைக் காட்டாததால் எனக்கு என்ன தெரிகிறது?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் பேசும்போதெல்லாம் சட்டகத்தில் இலா மட்டுமே இருக்கிறாள். நாள் முழுதும் ஒருவரோடு உரையாடிக்கொண்டிருக்கும் ஒரு பெண், அதே நேரத்தில் ஓர் அறையில் தன்னந்தனியாக நிற்பதையும் காண்கிறோம். மேல்வீட்டுப் பெண்மணி ஒரு காட்சியில் படியிறங்கி வந்திருந்தால் இந்த இரட்டைநிலை கலைந்திருக்கும்.

இரண்டாவது, பாடல். சாஜன் என்ற பெயரைக் கடிதத்தில் அறிந்தபின், அதே பெயருள்ள பழைய இந்திப் படத்தின் பாடலை ஆன்ட்டியின் ஒலிநாடாவில் இலா கேட்கிறாள். வேறோர் இடத்தில் பயணம் செய்யும் சாஜனின் காதிலும், பிள்ளைகள் பாட, அதே பாடல் விழுகிறது. ஒருவரையொருவர் பார்த்திராத இருவரும் முதன்முறையாக ஒரே நேரத்தில் ஒன்றைப் பகிர்கிறார்கள், அதுவும் அறியாமலே. ஒலியைக் குறைத்து வைத்துப் பார்ப்பவர்கள் இதை முழுவதுமாக இழந்துவிடுகிறார்கள்.

மாக்ஸ் ரிக்டரின் இசை இந்தப் படத்தில் சிக்கனமாகவே வருகிறது. எந்த உணர்ச்சி வர வேண்டும் என்று இசை முன்கூட்டிச் சொல்லும் படங்களுக்குப் பழகியவர்களுக்கு இந்த மௌனம் வெறுமையாகத் தோன்றும். இசையில்லாத காட்சிகளில் என்னென்ன கேட்கின்றன என்று பட்டியலிட்டுப் பாருங்கள்: பாத்திரங்கள் மோதும் ஒலி, தெருவின் இரைச்சல், ரயிலின் தாளம், மின்விசிறியின் சுழற்சி. அலுவலகத்தின் நெரிசலும் வீட்டின் அமைதியும் தனிமையின் இரு வேறு ஒலிகள் என்பது அப்போது விளங்கும்.

6. கடிதங்கள்: சொல்லையும் படத்தையும் பிரித்துப் பாருங்கள்

ஒவ்வொரு கடிதக் காட்சியிலும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். கேட்கும் குரல் யாருடையது? திரையில் தெரியும் முகம் யாருடையது? சொல்லப்படுவதும் காட்டப்படுவதும் ஒன்றா? பெரும்பாலான இடங்களில் எழுதியவரின் குரலும் படிப்பவரின் முகமும் ஒன்றாக வருகின்றன. ஒரே சட்டகத்தில் இருவர் இருப்பதற்கு இந்தப் படம் கண்டுபிடித்த வழி அது.

இலா இந்தியில் எழுதுகிறாள். சாஜன் ஆங்கிலத்தில் எழுதுகிறார். யாரும் யாருக்காகவும் மொழியை மாற்றிக்கொள்வதில்லை. தயங்காமல் தன் மொழியிலேயே எழுத முடிகிற அந்த எளிமை, இலா தன் கணவரோடு பேசும் காட்சிகளில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே இருவருக்கும் ஒரே மொழி, ஆனாலும் பேச்சு நீள்வதில்லை.

முதல் பதிலை எல்லாரும் சிரித்துவிட்டுக் கடக்கிறார்கள். முன்பின் தெரியாத பெண் நன்றி சொல்லி எழுதிய குறிப்புக்கு, அன்றைய உணவில் உப்பு அதிகம் என்று சாஜன் பதில் எழுதுகிறார். சற்று நின்று பாருங்கள். கடைச் சாப்பாட்டை உண்பவர் உப்பைப் பற்றிச் சமைத்தவருக்கு எழுதுவதில்லை. ‘இன்று உப்பு கூடிவிட்டது’ என்பது வீட்டில் இலைமுன் அமர்ந்து சொல்லும் சொல். மனைவியை இழந்து நெடுநாள் தனியாக வாழ்ந்தவர், தன்னை அறியாமலே, முதல் வரியிலேயே அந்த வீட்டுக்காரரின் இடத்துக்கு வந்துவிடுகிறார். அந்தக் குறையை நட்பின் தொடக்கமாக எடுத்துக்கொண்டால் அதன்பின் வரும் ஒவ்வொரு கடிதமும் கூடுதலாகப் பொருள் தரும்.

கடிதங்களுக்கு இடையிலுள்ள நேரத்தையும் கணக்கில் எடுங்கள். மதியம் எழுதியது மாலையில் கிடைக்கும். அதற்கான பதில் மறுநாள் மதியம்தான் சேரும். ஒரு பெண் தன் மகளோடு மாடியிலிருந்து குதித்துவிட்டாள் என்ற செய்தியைக் கேட்ட சாஜன், அவள் இலாவாக இருக்குமோ என்று அஞ்சி, மதிய டப்பா வரும்வரை தவிக்கிறார். அவளுக்கு எழுத அவருக்கு வழியுண்டு. உடனே விசாரிக்க வழியில்லை. இந்தப் படத்தின் பதற்றம் முழுவதும் அந்த இடைவெளியிலிருந்தே பிறக்கிறது.

7. ஷேக்கையும் ஆன்ட்டியையும் ஓரத்தில் வைக்காதீர்கள்

துணைப் பாத்திரங்களை நகைச்சுவைக்காக வந்தவர்கள் என்று ஒதுக்குவது அடிக்கடி நேரும் பிழை. ஷேக் ஓர் அநாதை. தன் தாய் சொல்வார் என்று ஒரு கூற்றைச் சொல்லிவிட்டு, பின்னர் தனக்குத் தாயே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறார். தாய் சொன்னதாகச் சொன்னால் சொல்லுக்கு எடை கூடுகிறது என்பது அவருடைய விளக்கம். தனிமையை மறைக்காமல் வெளிப்படையாக வைத்துக்கொண்டே மனிதர்களை நெருங்கத் தெரிந்தவர் இந்தப் படத்தில் அவர் ஒருவர்தான். அவருடைய திருமணத்தில் மணமகன் வீட்டாராக நிற்பவர் சாஜன். அக்காட்சியைச் சாஜன் பக்கமிருந்தும் ஒருமுறை பாருங்கள்: எதிர்வீட்டுக் குடும்பத்தை வெளியிலிருந்து பார்த்தவர், இங்கே ஒரு குடும்பத்தின் உள்ளே நிற்கிறார்.

ஆன்ட்டியின் கணவர் நினைவிழந்து படுத்திருக்கிறார். மேலே ஓடும் மின்விசிறியையே பார்த்தபடி இருக்கிறார். திருமண வாழ்க்கையில் தனித்திருக்கும் இலாவும், மனைவியை இழந்து தனித்திருக்கும் சாஜனும் கதையின் முன்புறத்தில் இருக்க, துணை உயிரோடிருந்தும் பேச்சற்றுப்போன ஒருத்தியின் தனிமை மேல்மாடியில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. தனிமை இங்கே ஒரே வகையாக இல்லை. நால்வரையும் தனித்தனியே எழுதிப் பார்த்தால், ‘தனிமையைப் பற்றிய படம்’ என்ற பொதுச்சொல் எவ்வளவு போதாதது என்பது தெரியும்.

8. இரண்டு அவசரங்கள்: தீர்ப்பும் குறியீடும்

மணமான பெண் முன்பின் அறியாத ஆணுக்கு எழுதலாமா என்ற விவாதம் ஒவ்வொரு குழுவிலும் எழுகிறது. அந்தக் கேள்வி தவறன்று. அதன் இடம்தான் தவறு. தீர்ப்பு எழுதியவுடன் கண் வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. அவள் செய்தது சரி என்று முடிவு செய்தவரும், தவறு என்று முடிவு செய்தவரும், கணவர் ராஜீவ் வீட்டில் இருக்கும் காட்சிகளில் அவருடைய பார்வை எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமலே விட்டுவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். இரண்டாம் முறை பார்த்து முடித்தபின் அந்த விவாதத்தைத் தாராளமாக நடத்துங்கள்.

மற்றொரு அவசரம், பொருள்களை உடனே குறியீடாக்குவது. மின்விசிறியைக் கண்டதும் ‘அது விதி’ என்றும், ரயிலைக் கண்டதும் ‘அது வாழ்க்கை’ என்றும் சொல்லிவிட்டால் அதன்பின் அவற்றைப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரு பொருள் கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேளுங்கள். மேல்வீட்டில் விசிறி ஓடுவது அந்தப் பெண்மணியின் நம்பிக்கைக்கு உயிர்நாடி. ஆகவே அதை நிறுத்தாமலே துடைக்கிறார். அடுத்து, வேறு யார் விசிறியைப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். இலா எழுதியதைப் படித்த சாஜன் தன் அலுவலகத்தின் விசிறியை அண்ணாந்து பார்க்கிறார். பல ஆண்டுகளாக அதே விசிறியின்கீழ் உட்கார்ந்தவர், இன்னொருவர் எழுதியதால் அதை இப்போதுதான் காண்கிறார். இந்த இரண்டு விடைகளுமே போதும். மூன்றாவதாக ஒரு தத்துவம் தேவைப்படாது.

9. முடிவை எப்படி அணுகுவது

“கடைசியில் சந்தித்தார்களா, இல்லையா?” என்பதே படம் முடிந்ததும் எழும் முதல் கேள்வி. படம் அதற்கு விடை தரவில்லை. அங்கேயே நின்று வாதிடுபவர்கள், படம் விடை தந்திருக்கும் வேறொரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்: தொடக்கத்தில் செய்ய முடியாத எதை இப்போது இவர்களால் செய்ய முடிகிறது?

சாஜனின் பக்கத்தைப் பார்வை என்ற ஒரே செயலைக் கொண்டு தொடருங்கள். எதிர்வீட்டை வெளியிலிருந்து பார்க்கிறார். பின்னர், சந்திப்பதாகச் சொன்ன உணவகத்துக்கு வந்தும், இலாவைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு அருகில் செல்லாமல் திரும்பிவிடுகிறார். அன்று காலை தன் குளியலறையில் தாத்தாவின் வாசனையை உணர்ந்து, அது தன்னுடையதே என்று அறிந்ததையும், ரயிலில் இளைஞன் ஒருவன் எழுந்து இடம் தந்ததையும் அவர் கடிதத்தில் எழுதுகிறார். முதுமையைச் சுட்டிய அந்தச் சிறு மரியாதை அவரை மீண்டும் சாளரத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. ஆகவே உணவகக் காட்சியைக் கோழைத்தனம் என்று மட்டும் படிப்பது குறைபாடானது. அது படத்தின் தொடக்கத்தில் கண்ட அதே செயலின் மறுவடிவம். அதன்பின் ஓய்வுபெற்று நாசிக்குக்குப் புறப்பட்டவர் திரும்பி வருகிறார். இறுதியில் டப்பாவாலாக்களோடு ரயிலில், அந்த வீட்டைத் தேடிச் செல்கிறார். பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் நடக்கத் தொடங்கியிருக்கிறார்.

இலாவின் பக்கத்தில், உணவகத்தில் காத்திருந்து ஏமாந்த மறுநாள் அவள் காலி டப்பாவை அனுப்புகிறாள். உணவின் வழியாகவே பேசிவந்த ஒருத்தியின் கோபத்துக்கு இதைவிடத் தெளிவான சொல் இல்லை. பிறகு நகைகளை விற்று, மகளோடு புறப்பட முடிவெடுக்கிறாள். கடிதங்களில் பேசிக்கொண்ட பூட்டானுக்குச் செல்வாளா என்பது தெரியாது. அந்த வீட்டில் காத்திருப்பதை நிறுத்திவிட்டாள் என்பது தெரியும். இந்த இரண்டு பட்டியல்களையும் எழுதியபின், சந்திப்பு நிகழ்ந்ததா என்ற கேள்விக்கு நீங்கள் விரும்பும் விடையைக் கொடுத்துக்கொள்ளலாம். எந்த விடையைத் தேர்ந்தாலும் படம் சிதையாமல் நிற்கும்.

10. இரண்டாம் பார்வையும் அடுத்த படமும்

இரண்டாம் முறை பார்க்கும்போது முழுப் படத்தையும் ஒரே பாத்திரத்தோடு பாருங்கள். ஷேக்கைத் தேர்ந்தெடுப்பது நல்ல தொடக்கம். அவர் இல்லாத காட்சிகளிலும் அவர் ஏற்படுத்திய மாற்றம் தெரிகிறதா என்று தேடலாம். சமையலறைக் காட்சி ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். இர்ஃபான் கானின் காட்சிகளில், ஒரு வரியைப் படித்து முடித்தபின் முகம் மாறுவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள். கடிதத்தின் பொருள் அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

குழுவாகப் பார்ப்பதாக இருந்தால், ஒவ்வொருவரும் ஒரு செயலை மட்டும் முதல்முறை, பின்னர் என்று சொல்லும்படி கேளுங்கள். ‘பிடித்ததா’ என்று தொடங்கும் உரையாடல் விரைவில் வற்றிவிடும். செயல்களில் தொடங்கினால், ஒருவர் தவறவிட்டதை மற்றவர் கொண்டுவருவார். பேசிமுடிக்கும்போது படம் பெரிதாகியிருக்கும்.

அடுத்ததாகச் சத்யஜித் ராயின் ‘சாருலதா’வை (1964) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கத்தில், பெரிய வீட்டில் தனித்திருக்கும் பெண் தொலைவில் உள்ளதைப் பார்க்க உதவும் கைப்பிடிக் கண்ணாடி ஒன்றை எடுத்துச் சாளரம் சாளரமாகச் சென்று தெருவைப் பார்க்கிறாள். பிறகு, தன்னைக் கவனியாமல் கடந்து செல்லும் கணவரையும் அதே கண்ணாடியால் பார்க்கிறாள். மேலே மூன்றாம் பகுதியில் சொன்ன குறிப்பெடுக்கும் முறையை அங்கேயே தொடங்கலாம். இறுதிச் சட்டகத்தில் இரண்டு கைகள் ஒன்றையொன்று நோக்கி நீண்டு, தொடும் முன்பே படம் உறைகிறது. ஒன்பதாம் பகுதியின் கேள்வியை அங்கே கேட்டுப் பாருங்கள். அந்தப் படத்துக்கும் முன்கூட்டியே விளக்கம் படிக்க வேண்டாம்; தாளை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும்.